வேலையை விட்டுவிட்டு மண்வெட்டியைத் தூக்கலாமா?

கேள்வி: எனக்கு 36 வயது. வெள்ளவத்தையில் இருக்கிறேன். தனியார் கம்பனி ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. ஒன்றரை வருடமாகச் சனிக்கிழமைகளில் மட்டக்குளிப் பக்கம் ஒரு தொடர்மாடிக்குப் பின்னால் கிடக்கும் வெறுநிலத்தில், அங்குள்ள பெண்களோடு சேர்ந்து தோட்டம் செய்கிறோம். படங்களை முகநூலில் போடுவதால் விதை, பசளை எல்லாம் தெரிந்தவர்கள் வாங்கித் தருகிறார்கள். போன மாதம், முல்லைத்தீவிலிருந்து வந்து மகளோடு இருக்கும் ஓர் அம்மா, பயற்றங்கொடிக்குத் தடி நட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று அழத் தொடங்கிவிட்டார். அழுகை வெகுநேரம் நிற்கவில்லை. நான் பயந்துபோனேன். கடைசியில் அவரே "இப்ப மனசு லேசா இருக்கு பிள்ளை" என்றார். அன்றிலிருந்து இதுதான் என் வேலை என்று தோன்றுகிறது. தோட்டச் சிகிச்சை என்று பெயர்ப்பலகை போட்டு முழுநேரமாகச் செய்யலாமா? இதற்கு எங்கே படிக்கலாம்? இதில் சீவிக்க முடியுமா? வீட்டில் "பைத்தியமா உனக்கு" என்கிறார்கள்.

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

வேலையை இப்போதைக்கு விடவேண்டாம். பலகையும் போடவேண்டாம். சனிக்கிழமையை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். முதலில் அந்த அம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மற்ற எல்லாக் கேள்விகளும் அதற்குள்தான் இருக்கின்றன.

அவர் அழுததற்கு நீங்கள் காரணம் இல்லை, அவர் மனம் லேசானதற்கும் நீங்கள் முழுக் காரணம் இல்லை. வன்னியிலிருந்து வந்த ஒருவருக்குப் பயற்றங்கொடியும் தடியும் வெறும் மரக்கறிப் பயிர் அல்ல. அது ஒரு வளவு, ஒரு கிணற்றடி, அங்கே இருந்த ஆட்கள். கை வேலை செய்துகொண்டிருக்கும்போது வாய் தானாகத் திறக்கும். நேருக்கு நேர் கதிரை போட்டு "சொல்லுங்கோ அம்மா" என்றால் சொல்லாதவர்கள், பக்கத்தில் குந்தியிருந்து களை பிடுங்கும்போது சொல்லுவார்கள். ஆஸ்பத்திரியில் தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவில் (அன்றாட வேலைகள் மூலம் நோயாளியைத் தேற்றும் பிரிவு) இருக்கும் நாங்கள் தோட்டத்தை விரும்புவதற்குப் பாதிக் காரணம் இதுதான். நீங்கள் அவரை அழவிட்டீர்கள், பக்கத்தில் இருந்தீர்கள், கதை கேட்டுத் துருவவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து விளங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு சொல்லுவதும் ஏறக்குறைய இதைத்தான்: பார், கேள், இணை. முதல் இரண்டையும் செய்துவிட்டீர்கள். மூன்றாவது மிச்சமிருக்கிறது. அவருக்கு இரவில் நித்திரை வருகிறதா, சாப்பிடுகிறாரா, மகளோடு கதைக்கிறாரா என்று அடுத்த கிழமை மெதுவாகக் கேளுங்கள். இல்லை என்றால், அல்லது "இருந்து என்ன பிரயோசனம்" என்ற மாதிரிப் பேச்சு ஒன்று வந்தால், அதைத் தோட்டத்தால் சமாளிக்கலாம் என்று நினைக்கக்கூடாது. கிட்டிய அரச ஆஸ்பத்திரியின் மனநல கிளினிக்குக்குக் கூட்டிப்போக வேண்டும். அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் 24 மணித்தியாலமும் இயங்குகிறது. அதை நீங்களும் உங்களோடு நிற்கும் இரண்டு பேரும் போனில் பதிந்து வைத்திருங்கள்.

பலகை வேண்டாம் என்று ஏன் சொல்கிறேன்? உலகத்தில் இந்தத் துறை மூன்று நான்கு படிகளாகப் பிரிந்து கிடக்கிறது. அமெரிக்காவில் 1973 முதல் இதற்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. பிரித்தானியாவில் த்ரைவ் என்ற தொண்டு நிறுவனம் 1970களின் இறுதியிலிருந்து இயங்குகிறது. அவர்கள் கணக்கில், பயிற்சி பெற்ற ஒருவர், குறிப்பிட்ட ஒரு நோயாளிக்கு, குறிப்பிட்ட ஓர் இலக்கை வைத்து, எழுத்தில் பதிந்து செய்வதுதான் தோட்டச் சிகிச்சை. உதாரணமாக, பாரிசவாதம் வந்தவரின் வலது கை விரல்கள் 8 கிழமையில் ஒரு நாற்றைப் பிடித்து நடும் அளவுக்கு வரவேண்டும் என்று இலக்கு வைப்பது. இலக்கும் பதிவும் இல்லாமல், மனம் ஆறுவதற்காகத் திட்டமிட்டுச் செய்வது அடுத்த படி. அயலவர்கள் கூடிப் பயிரிட்டுப் பகிர்வது சமுதாயத் தோட்டம். நீங்கள் நிற்பது மூன்றாவதில். ஒரு கால் இரண்டாவதில். அதில் குறைச்சல் எதுவும் இல்லை. ஆனால் சிகிச்சை என்று எழுதிவிட்டால், யாரோ ஒருவர் தன் தம்பியை மருந்தை நிறுத்திவிட்டு உங்களிடம் கூட்டி வருவார். கொழும்பில் இது நடக்கும். "சனிக்கிழமைத் தோட்டம்" என்று போடுங்கள், போதும்.

ஆராய்ச்சிகளைக் காட்டி யாராவது உங்களை உற்சாகப்படுத்தினால் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். எல்லோரும் சொல்லுவது றொஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1984இல் எழுதியது. பென்சில்வேனியாவில் ஓர் ஆஸ்பத்திரியில் பித்தப்பைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களில், யன்னலால் மரங்களைப் பார்த்தவர்கள் செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடக் கொஞ்சம் முந்தி வீடு போனார்கள், கடுமையான வலிநிவாரணியும் குறைவாகவே கேட்டார்கள். ஒப்பிட்டது 23 சோடி நோயாளிகளை. நல்ல ஆய்வுதான், ஆனால் அதில் ஒருவரும் மண்ணைத் தொடவில்லை. இன்னொன்று, 2011இல் நெதர்லாந்தில் வெளிவந்தது. 30 பேருக்கு மன அழுத்தம் தரும் வேலை ஒன்றைக் கொடுத்துவிட்டு, பாதிப் பேரை அரை மணித்தியாலம் தோட்டம் செய்யவும் மற்றவர்களை உள்ளே இருந்து வாசிக்கவும் விட்டார்கள். தோட்டம் செய்தவர்களுக்கு கோட்டிசோல் என்ற அழுத்த ஹோர்மோன் கூடுதலாகக் குறைந்தது. அந்த 30 பேரும் ஏற்கெனவே துண்டுநிலம் எடுத்து ஆசையாகத் தோட்டம் செய்துகொண்டிருந்தவர்கள் என்பதை மேற்கோள் காட்டுகிறவர்கள் சொல்வதில்லை.

உங்கள் தொடர்மாடியில் எல்லோரும் ஆசையாக வருகிறவர்கள் இல்லை. கொழும்பு வடக்கில் இருக்கும் வயதான பெண்கள் பலர் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பத்துப் பன்னிரண்டு வயதிலேயே கூடை தூக்கியவர்கள். அவர்களுக்கு மண்ணும் செடியும் கங்காணியின் குரலையும் தராசையும் ஞாபகப்படுத்தலாம். "மண்ணைத் தொட்டால் மனசு ஆறும்" என்ற வசனத்தை அவர்களிடம் சொல்லாதீர்கள். அப்படி ஒருவர் ஓரமாகக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தால் விடுங்கள். விதைப் பக்கற்றுக்குப் பெயர் எழுதட்டும், தேத்தண்ணி ஊற்றட்டும், பறித்த கீரையைப் பங்கு பிரிக்கட்டும். அதுவும் தோட்டத்து வேலைதான்.

இனி, ஒரு சனிக்கிழமையை எப்படி அமைப்பது என்பது. எனக்கு இதுதான் முக்கியம், அதனால் நீட்டிச் சொல்கிறேன். இப்போது நீங்கள் செய்வது, போய் நின்று அன்றைக்கு என்ன தேவையோ அதைச் செய்வது. பயிருக்கு அது போதும். மனம் சரியில்லாத ஒருவருக்கு அது போதாது, ஏனென்றால் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பதே அவருக்குப் பெரிய பாரம். ஆகவே தொடக்கமும் முடிவும் ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே இருக்கட்டும். வந்தவுடன் எல்லோரும் தண்ணீர் ஊற்றுவது, யாரும் யோசிக்கத் தேவையில்லை. பிறகு அன்றைய வேலை, அதில் எப்போதும் இரண்டு தெரிவு: "தண்டு வெட்டுறீங்களா, பையில மண் நிரப்புறீங்களா?" மூன்று தெரிவு கொடுத்தால் திகைப்பார்கள். கடைசியில் பிளேன்டீ. போகும்போது ஏதாவது ஒன்று கையில் போகவேண்டும். இரண்டு றம்பை இலை, ஒரு பிடி கறிவேப்பிலை என்றாலும் சரி. இரவுச் சமையலில் அது விழும்போது வீட்டில் யாராவது ஒருவர் கேட்பார். ஒன்றரை மணித்தியாலம் தாண்ட வேண்டாம். ஒன்பதரைக்குள் முடித்துவிடுங்கள், அதற்குப் பிறகு கொழும்பு வெயிலில் நிற்க ஏலாது.

எதை நடுவது என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. மனச்சோர்வில் இருக்கும் ஒருவரிடம், அவர் பெயரெழுதிய தனிச் சாடி ஒன்றை முதல் மாதமே கொடுக்காதீர்கள். பள்ளிக்கூடங்களில் செய்கிறார்களே என்று பலர் இதைச் செய்கிறார்கள். செடி செத்தால் "என்னாலதான், நான் தொட்டது எதுவும் விளங்காது" என்று அவர் முடிவெடுக்க அது ஒன்று போதும். பொதுப் பாத்தியில், எளிதில் சாகாததை வையுங்கள். சந்தையில் வாங்கும் பொன்னாங்காணிக் கட்டில் இலையை ஆய்ந்துவிட்டுத் தண்டைக் குத்தினால் ஒரு கிழமை பத்து நாளில் வேர் விடும். கங்குனும் அப்படித்தான், நாலு கிழமையில் அறுக்கலாம். வல்லாரை ஈரமான இடத்தில் தானாக ஓடும். இந்த மூன்றும் உங்கள் சிங்கள, முஸ்லிம் அயலவர்களின் அடுப்பிலும் உள்ளவை, எனவே பங்கு பிரிப்பதில் சண்டை வராது. மிளகாய் மூன்று மாதமாவது எடுக்கும், இலைச்சுருட்டல் வேறு வரும். நாலாம் ஐந்தாம் மாதத்தில், ஆட்கள் ஒருவரோடொருவர் பழகிய பிறகு, அந்த மாதிரித் தோற்கக்கூடிய பயிர்களைக் கொண்டுவாருங்கள். அப்போது தோல்வியைப் பார்த்துக் கூட்டமாகச் சிரிக்கலாம்.

கை நடுங்குகிறவர்களுக்கு முளைக்கீரை விதையைக் கொடுத்து வதைக்காதீர்கள். பாகல், பயற்றை, வெண்டி விதை கொடுங்கள். கீரை விதையே வேண்டுமென்றால் மணலோடு கலந்து தூவச் சொல்லுங்கள். ஞாபகமறதி உள்ள வயோதிபர்களுக்கு வாசனை: கற்பூரவள்ளி, துளசி, மல்லிகை, சேரை. பெயர் மறந்தவர்கள்கூட ஓமவாசம் மூக்கில் பட்டதும் பிள்ளைக்குச் சளிக்குக் கொடுத்த கதை சொல்லுவார்கள். சக்கரநாற்காலியில் வருகிறவர் இருந்தால் பாத்தியை 60 முதல் 75 சென்ரிமீற்றர் வரை உயர்த்துங்கள். இரண்டு பக்கமும் எட்டும் என்றால் அகலம் 120, சுவரோடு ஒட்டியிருந்தால் 60. நடைபாதை 90க்குக் குறையக் கூடாது. ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் இரண்டொருவர் உங்கள் தொடர்மாடியிலும் இருப்பார்கள், தாய்மார் வெளியே காட்டுவதில்லை. அவர்களுக்குத் தொட்டாச்சிணுங்கி ஒரு சாடி வையுங்கள். முள் குத்தும் என்று யாராவது சொல்லுவார்கள், சொல்லட்டும்.

பாதுகாப்பு பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. கொழும்பில் முதலாவது டெங்கு. 2017இல் நாட்டில் 186,000இற்கும் மேற்பட்டவர்களுக்கு வந்த நோய் அது. முட்டை நுளம்பாகிப் பறக்க ஏழு முதல் பத்து நாள் எடுக்கும். எனவே ஒவ்வொரு சனிக்கிழமையும் தட்டு, வாளி, பூவாளி எல்லாவற்றையும் கவிழ்ப்பது தவறாத சடங்காக இருக்கவேண்டும். டயருக்குள் செடி வைப்பது இப்போது எல்லா இடத்திலும் அழகாக வர்ணமடித்துச் செய்கிறார்கள். அடியில் துளையிட்டு விளிம்பு வரை மண் நிரப்ப முடியாவிட்டால் அந்த டயரைத் தொடவே வேண்டாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அவர் உங்களைத் தேடி வருமுன் நீங்களே கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள், பிறகு அவர் உங்கள் பக்கம்.

அடுத்தது மண். மெலியோய்டோசிஸ் என்று ஒரு தொற்று இலங்கையில் இருக்கிறது. மண்ணிலும் தேங்கிய நீரிலும் உள்ள பக்டீரியாவால் வருவது, மழைக்காலத்தில் கூடும், நீரிழிவு உள்ளவர்களைத்தான் அதிகம் பிடிக்கும். உங்கள் குழுவில் நீரிழிவு இல்லாத வயதானவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். கையுறை, மூடிய செருப்பு கட்டாயம், காலில் புண் இருந்தால் அன்றைக்குக் கதிரை வேலை. எலிக்காய்ச்சலுக்கும் இதே கவனம் உதவும், கால்வாய் பக்கத்தில் இருந்தால் இன்னும் கூட. பழைய சுவரோரத்து வர்ணம் உதிர்ந்த மண்ணிலும் முன்பு கராஜ் இருந்த மண்ணிலும் ஈயம் இருக்கக்கூடும். அங்கே கீரை போடாமல், உரப்பையில் வெளி மண்ணும் கூட்டெருவும் தும்புச்சோறும் கலந்து நிரப்பி நடுங்கள்.

மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் தாமாகச் சொல்லமாட்டார்கள், நீங்களும் எல்லோர் முன்னாலும் கேட்கவேண்டாம். பொதுவாக எல்லோருக்கும் தொப்பி, எல்லோருக்கும் தண்ணீர் என்று வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. காரணத்தை நீங்கள் தெரிந்திருந்தால் போதும்: குளோர்புரொமசின் எடுப்பவரின் தோல் வெயிலில் விரைவில் எரியும். லிதியம் எடுப்பவருக்கு உடலில் நீர் வற்றினால் ஆபத்து. அலரி, ஊமத்தை போன்ற நஞ்சுச் செடி ஒன்றும் வேண்டாம், எவ்வளவு அழகாகப் பூத்தாலும். பூச்சிமருந்துப் போத்தல் அந்த வளவுக்குள் வரவே கூடாது. கத்திகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள்.

முகநூல் படங்கள். முகம் தெரியப் போடுவதை இன்றே நிறுத்துங்கள். நன்கொடை குறையும், தெரியும். ஆனால் அழுத பெண்ணின் படத்தைப் பார்த்து விதை வாங்கித் தருகிறவருக்கு அவள் யாரென்று தெரியத் தேவையில்லை. கைகளைப் போடுங்கள், கத்தரிக்காயைப் போடுங்கள்.

படிப்பு. தோட்டச் சிகிச்சைக்கென்று தனியாக ஒரு பட்டத்தைத் தேடி அலையவேண்டாம், வேறு வழியால் வரலாம். தொழில்வழிச் சிகிச்சை படிப்பதென்றால் உயர்தரத்தில் உயிரியல் வேண்டும், வருடக்கணக்கும் ஆகும். 36 வயதில், கணக்குப் பிரிவிலிருந்து வரும் உங்களுக்கு அதை நான் சொல்லமாட்டேன். சீதுவையிலுள்ள தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தில் உளவளத்துணை டிப்ளோமா இருக்கிறது. இந்த வருடம் தமிழ் மொழிமூலம் திறக்கிறார்களா என்று போன் எடுத்துக் கேளுங்கள். பயிர்ப் பக்கத்துக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கம் இருக்கிறது. உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரையும் பிடித்துக்கொள்ளுங்கள். இவை எல்லாவற்றையும்விட உங்களுக்குத் தேவை, கிட்டிய ஆஸ்பத்திரியில் உள்ள ஒரு தொழில்வழிச் சிகிச்சையாளரோ மனநல சமூகசேவையாளரோ மாதம் ஒருமுறை நீங்கள் எழுதி வைக்கும் பதிவுக் கொப்பியைப் பார்த்துக் கதைப்பது. எங்களில் பலர், கேட்டால் வருவோம். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. இன்னொன்று, பேச்சுச் சிங்களத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். தோட்டத்தில் பாதிப் பேர் சிங்களத்தில்தான் அழுவார்கள்.

காசு. தெளிவாகச் சொல்கிறேன்: சமுதாயத் தோட்டத்தில் சம்பளம் இல்லை. வருகிற பெண்களிடம் வாங்கவும் கூடாது. உதவித் திட்டங்கள் வரும், பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு. அந்த வருடம் முடிந்ததும் சின்னம் போட்ட பலகை மட்டும் நிற்கும். 2022இல் அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்ன காலத்தில் எத்தனை உரப்பைகள் மொட்டைமாடிக்கு ஏறின, அவற்றில் எத்தனை இன்று மிச்சம்? காசு கொடுக்கக்கூடியவை நிறுவனங்கள்தான். முதியோர் இல்லம், விசேட தேவையுள்ள பிள்ளைகளின் பாடசாலை, தனியார் ஆஸ்பத்திரியின் புனர்வாழ்வுப் பிரிவு. அவர்களிடம் "தோட்டம் செய்து தருகிறேன்" என்று போனால் தோட்டக்காரரின் நாட்கூலி பேசுவார்கள். "12 கிழமை, கிழமைக்கு ஒன்றரை மணித்தியாலம், பத்துப் பேர், முடிவில் எழுத்தில் அறிக்கை" என்று போங்கள். கணக்குப் பிரிவில் இத்தனை காலம் இருந்ததன் பலன் அங்கே தெரியும், எங்களில் ஒருவருக்கும் ஒழுங்காக ஒரு பட்ஜெட் எழுத வராது. அப்படி இரண்டு நிறுவனம் இரண்டாவது முறையும் உங்களைக் கூப்பிட்டால், கம்பனியில் கிழமைக்கு நாலு நாள் வேலை கேட்டுப் பாருங்கள். அதற்கு முன் வீட்டாரோடு சண்டை வேண்டாம். அவர்கள் சொல்வது இப்போதைக்குச் சரி.

நிலம் உங்களுடையது இல்லை என்பதையும் யோசித்திருப்பீர்கள். தொடர்மாடியின் முகாமைத்துவக் குழுவிடமிருந்து ஒரு கடிதமாவது வாங்குங்கள், நகர அபிவிருத்தி அதிகார சபைக்குரியது என்றால் அவர்களுக்கும் பிரதி. கடிதம் இருந்தும் ஒருநாள் வாகனத் தரிப்பிடம் கட்ட வருவார்கள். அதனால்தான் பாதியையாவது பையிலும் பெட்டியிலும் வையுங்கள் என்கிறேன். ஒரு லொறியில் ஏற்றிப் போகலாம்.

அந்தக் கொப்பியை இந்தச் சனிக்கிழமையே தொடங்குங்கள்: யார் வந்தார்கள், என்ன செய்தார்கள், ஒரு வரி. அடுத்த கிழமை வராதவருக்கு யார் போன் எடுப்பது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். மூன்று மாதம் கழித்துப் பெயர்களை வெட்டிவிட்டுப் பிரதியெடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.